இருபத்தாறு சில்லுகள்

ஏற்காட்டில் இடித்த லாட்ஜின் கதவுகள்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தன,
டெம்போவில் நின்றபடியே.
பதினான்கு கதவு, பதினான்கு குமிழ்ப் பூட்டு,
சாவி ஒன்றுகூட இல்லை.
"ரிசப்ஷன் பலகையோடு எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்"
என்றான் டிரைவர் குழந்தைவேலு.
எதிர்க்கடை ஸ்தனிஸ்லாஸ் எடைக்குக் கேட்டார்,
அன்றைய பித்தளை விலைக்கு மேல் இருபது ரூபாய்.
தரவில்லை.
பெயர் தெரியாத பூட்டை நான் எடைக்குப் போடுவதில்லை.

பெயர் தேய்ந்திருந்தது.
முகப்பில் ஒரே ஒரு எழுத்து, அதிலும் வயிறு மட்டும் மிச்சம்,
பி-யாக இருக்கலாம், ஆர்-ஆகவும் இருக்கலாம்.
வெளிக்குமிழ்கள் மலைப்பனியில் கறுத்துக் கிடந்தன,
உள்குமிழ்கள் கைபட்டுக் கைபட்டு மஞ்சள்.

உள்குமிழின் கழுத்தில்
எறும்பு நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும்.
பெயிண்ட் அடைத்திருந்தால் ஊசியால் கிளற வேண்டும்.
ஆணி விட்டு அழுத்தி இழுத்தால் குமிழ் கையோடு வரும்.
பிறகு தட்டு, தட்டுக்கடியில் இரண்டு நீள ஸ்குரு,
அவ்வளவுதான், இரு பாதியாய்க் கதவை விட்டு விலகிவிடும்.
வெளியே நிற்பவருக்குத்தான் அது பூட்டு.
உள்ளே இருப்பவருக்கு இரண்டு ஸ்குரு.

கூல்டிரிங்க் டின்னைக் கீற்றாக வெட்டி
உருளையின் முதுகுப்பக்கமாக நுழைத்தேன்.
பின் ஒவ்வொன்றும் இடம் கொள்ளும் ஓசை
விரல்நுனிக்குத்தான் கேட்கும்.
அதற்காக ஃபேனை நிறுத்தினேன்.
சேலத்து மே மாதம் முதுகில் வழிந்தது.

ஐந்து குழி, ஐந்து பின், ஐந்து ஸ்பிரிங்.
மூன்றிலும் ஐந்திலும் மட்டும் பின்னுக்கு மேலே
கூடுதலாய் ஒரு சில்லு,
புளியங்கொட்டைத் தோல் கனம்.
சில்லு இருந்தால் ஒரே பூட்டு இரண்டு சாவிக்கு இணங்கும்:
தங்க வந்தவரிடம் ஒன்று,
மேனேஜர் இடுப்பில் ஒன்று.

ஒரு பூட்டில் மட்டும் சில்லு இல்லை.

கதவைத் தேடிப்போய் எண்ணைப் பார்த்தேன். 6.
ஆறு ஏற்கெனவே வந்துவிட்டதே.
மேலாணி கழன்று தலைகீழாகத் தொங்கிய 9 அது.

அதன் ஸ்குருக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.
மற்றவை கம்பெனி முறுக்கிய நாளோடு சரி.
இவற்றின் தலையில் வழுக்கி வழுக்கிக் கீறல்,
காய் நறுக்கும் கத்தி முனையின் அகலம்.
நான்காம் குழியில் ஸ்பிரிங் தெறித்து எங்கோ போயிருக்க வேண்டும்,
பதிலுக்குப் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டிருந்தது.
கடைசிச் சுருளில் நீல மை.

கழற்றி,
சில்லு இரண்டையும் எடுத்து எங்கே வீசினாளோ,
எல்லாம் திரும்ப மூட்டி, இறுக்கி,
காலையில் வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கிறாள்.
அவள் என்று ஏன் சொல்கிறேன்?
அவனாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஏதோ ஒரு ராத்திரி
மேனேஜரின் சாவி உள்ளே போயிருக்கும்,
முழுசாகப் போயிருக்கும்,
திரும்பியிருக்காது.
மழைக்காலத் துரு, நாளைக்கு எண்ணெய் விடணும்
என்று நினைத்துக்கொண்டு நடந்திருப்பார்.
உள்ளே ஒருவர் குமிழ் ஆடுவதைப் பார்த்தபடி
உட்கார்ந்திருக்கலாம்.
நன்றாகத் தூங்கியும் இருக்கலாம்.

சனிக்கிழமை அஸ்தம்பட்டி லேடீஸ் ஹாஸ்டல்காரர் வந்தார்.
பதினாலையும் எடுத்துக்கறேன், ரூமுக்கொரு சாவி போட்டுருங்க,
அப்புறம் எல்லாத்தையும் தொறக்கறாப்புல
எங்கையில ஒண்ணு.

விரித்த பேப்பரில் இருபத்தாறு சில்லு கிடந்தது.
அவர் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது
பேப்பரை மடித்துத் தகரக்கழிவு டப்பாவில் கவிழ்த்தேன்.
தராசில் வைத்தாலும் முள் அசைந்திருக்காது.

"இந்த மாடலுக்கு அது வராதுங்க."

"என்ன மாடல் இது?"

தேய்ந்த எழுத்தின் வயிற்றைக் கட்டைவிரலால் தடவினேன்.

"தெரியலைங்க. பழசு."